சாதுவான நெஞ்சு நோ

எங்கள் ஆட்களுக்குப் பெரிய வருத்தம் எதுவும் வருவதில்லை. எல்லாம் சாதுவாக, கொஞ்சம்போலத்தான் வரும். சாதுவாகச் சீனி இருக்கிறது, சாதுவாகப் பிறெசர் இருக்கிறது, போன வருடம் சாதுவாக ஒரு ஹாட் அற்றாக் வந்து போனது. டென்மார்க்கின் கோல்டிங் நகரத்தில் இருக்கும் என் கணவரின் சிநேகிதர் ஒருவருக்குச் சீனி வருத்தத்தால் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பார்க்கப் போனபோது, "சாதுவா ஒரு புண், வேறையொண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டு எங்களுக்கு ரோல்ஸ் தட்டை நீட்டினார். காலைப் போர்வையால் மூடி வைத்திருந்தார். வரும் வழியெல்லாம் நான் காருக்குள் பொரிந்து தள்ளினேன். என் கணவர், "அவன் நல்லாத்தானே இருக்கிறான்" என்றார்.

நான் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அதற்கு முன்பு தையல் தொழிற்சாலையில் இருந்தேன். அதை மூடியதும் படித்து இந்த வேலைக்கு வந்தேன். அங்கே இருக்கும் டெனிஷ் கிழவர்களும் கிழவிகளும் எங்களுக்கு நேர்மாறு. காலை வணக்கம் சொல்லி முடிக்க முன்பே எந்த முழங்கால், எந்தக் குளிசை, இரவில் எத்தனை தரம் எழும்பினார்கள் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடுவார்கள். தொடக்கத்தில் எனக்கு அலுப்பாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள்தான் தொண்ணூறு வயதிலும் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வேலையில் உள்ள எல்லோரும் முதலுதவி வகுப்புக்குப் போக வேண்டும். எங்களுக்குப் படிப்பித்தவர் முன்பு தீயணைப்புப் படையில் இருந்த ஒரு பெரிய மனிதர். கால் இல்லாத றப்பர் பொம்மை ஒன்றை நிலத்தில் போட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடிக்காமல் முப்பது தரம் அமத்தச் சொன்னார். பிறகு தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயில் இரண்டு தரம் ஊத வேண்டும். பிறகு திரும்பவும் முப்பது. நான் பயந்து பயந்து அமத்தினேன். "பாணுக்கு மாக் குழைக்கிறாயா?" என்று கேட்டார். பிறகு பகிடியை விட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த மனிதருக்கு இதயம் நின்றுவிட்டது. இதைவிட மோசமாக நீ அவருக்கு ஒன்றும் செய்துவிட முடியாது. ஆகவே அமத்து."

இன்னொன்றும் காட்டினார். இதயம் நின்ற ஒருவர் சிலவேளை விட்டுவிட்டு வாயைத் திறந்து ஒரு மூச்சு இழுப்பார், குறட்டை மாதிரி. அது மூச்சு அல்ல, அதைக் கண்டு ஏமாறக் கூடாது என்றார். தானே நிலத்தில் மல்லாக்கப் படுத்து அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். அவ்வளவு பெரிய உடம்பு தரையில் கிடந்து கொர்ர் என்றதும் நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அந்தச் சத்தம் காதில் நின்றுவிட்டது.

நான் சொல்ல வந்தது ஊரில் சண்டை முடிந்த அந்த வைகாசி மாதத்தைப் பற்றி. அந்த வருடத்தின் முதல் மாதங்கள் முழுவதும் எங்கள் வீடுகளில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை, சாப்பிடவில்லை. கொப்பன்ஹேகனுக்கு பஸ் பிடித்துப் போய்ப் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்தின் முன்னால் நின்றோம். திரும்பி வந்து கணினியில் படங்களைப் பார்த்தோம். பார்த்தபின் அடுப்பு மூட்டக் கை வராது. யாரைக் கேட்டாலும் நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது என்றார்கள். எனக்கும் அடைத்தது. எல்லோருக்கும் அடைக்கும்போது ஒருவருக்கு மட்டும் உண்மையிலேயே அடைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

என் கணவருக்கு ஊரில் இருந்தது ஒரே ஒரு அக்கா. தாயில்லாத வீட்டில் அவரைக் குளிக்க வார்த்து, பள்ளிக்கு அனுப்பி, பிறகு தன் நகையை விற்று வெளிநாட்டுக்கும் அனுப்பியவர். நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுவேன். அவர் வன்னியில் இருந்தார். மாசி மாதத்தில் ஒரு நாள் எங்கிருந்தோ போன் எடுத்து, "நாங்கள் இருக்கிறம், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒன்றுமில்லை.

மச்சாளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கம் ஒன்றுதான். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த இலக்கம் மாறவில்லை. ஆகவே என் கணவர் ஒரு சட்டம் போட்டார். வீட்டுப் போனை ஒருவரும் தொடக் கூடாது. யாராவது எடுத்தால், "கைபேசிக்கு எடுங்கோ" என்று சொல்லி உடனே வைத்துவிட வேண்டும். அவர் கதவு, யன்னல் செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை. முடிந்ததும் நேரே வந்து இருக்கை அறையில் அந்தப் போனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். நாங்கள் மட்டும் இப்படி இல்லை. இக்காஸ்டில் அந்தக் காலத்தில் எத்தனையோ தமிழ் வீடுகளில் ஒருவர் போனுக்குக் காவல் இருந்தார்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் குளிசையையும் விட்டார். அவருக்குச் சீனி, பிறெசர், கொழுப்பு மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் குளிசை இருந்தது. ஒரு நாள் காலை நான் எடுத்துக் கொடுக்க, தள்ளி வைத்துவிட்டார்.

"அங்க ஒரு பனடோல் இல்லாமல் சனம் சாகுது. எனக்கு இஞ்ச மூண்டு வேளையும் குளிசையோ?"

"நீங்கள் குடிக்காட்டி அந்தக் குளிசை பறந்து வன்னிக்குப் போகுமோ?" என்று கேட்டேன்.

"உமக்கு விளங்காது."

எனக்கு நன்றாகவே விளங்கியது. அவருக்கு வெட்கம். அங்கே அக்கா பதுங்கு குழியில் இருக்க, இங்கே தனக்கு ஒரு வைத்தியர், ஒரு கட்டில், ஒரு வருத்தம் இருப்பது வெட்கம். கடவுளுக்கு நேர்த்தி வைக்கிற மாதிரி, தன் உடம்பை வைத்து யாருக்கோ எதையோ கட்டிக்கொண்டிருந்தார். நான் கெஞ்சினேன், ஏசினேன், அவருடைய வைத்தியரிடம் சொல்லிக் கொடுப்பேன் என்று வெருட்டினேன். இரண்டு நாள் குடிப்பார், மூன்றாம் நாள் விட்டுவிடுவார். விட்டிருந்த சிகரெட் திரும்ப வந்தது. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பாதி பயம்.

பிறகு சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். சனம் முகாம்களுக்குள் இருக்கிறது என்றார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்து வந்த சனிக்கிழமை காலையில் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்துப் புரொண்பியிலிருந்து தெரிந்தவர் ஒருவர் என் கைபேசிக்கு எடுத்தார். அங்கே ஒரு வீட்டுக்கு முகாமிலிருந்து போன் வந்ததாம், யாரோ களவாக ஒரு கைபேசி வைத்திருக்கிறார்களாம், சனம் வரிசையில் நின்று கதைக்கிறதாம். அதைக் கேட்டதும் என் கணவர் முகம் கழுவிச் சேட்டு மாற்றிக்கொண்டு வந்து போனுக்குப் பக்கத்தில் இருந்தார். விருந்தாளிக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தார்.

பத்து மணியளவில் பல்லு நோகிறது என்றார். எந்தப் பல் என்று கேட்டேன். கீழ்த்தாடை முழுவதும் என்றார். தானே எழுந்து போய்க் கராம்பு எடுத்துக் கடவாய்க்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இடது தோளை உருட்டித் தைலம் பூசினார். இரவு கதிரையில் நித்திரை கொண்டதால் பிடித்துக்கொண்டது என்றார். பிறகு நெஞ்சுக்குள் வாயு நிற்கிற மாதிரி இருக்கிறது, சாதுவாக நோகிறது, ஓமத் தண்ணி தாரும் என்றார். பல்லுக்குக் கராம்பு, தோளுக்குத் தைலம், வாயுவுக்கு ஓமம். ஒரு வருத்தத்தை மூன்றாகப் பிரித்து மூன்றுக்கும் வீட்டுக்குள்ளேயே மருந்து கண்டுபிடித்துவிட்டார்.

மாரடைப்பென்றால் படத்தில் வருகிற மாதிரி நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுவது என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். பலருக்கு அது தாடையில் வரும், தோளில் வரும், முதுகில் வரும், சமிபாடில்லாத மாதிரி வரும். பெண்களுக்குச் சிலவேளை வெறும் களைப்பும் வாந்தி வருகிற மாதிரி ஓங்காளமும்தான். சீனி வருத்தக்காரருக்கோ நரம்பு மழுங்கிப்போய், நோ கூட ஒழுங்காகத் தெரியாது. அவருடைய 'சாதுவாக' என்ற சொல் அன்றைக்குப் பொய்யல்ல. அவருக்கு உண்மையிலேயே சாதுவாகத்தான் நொந்திருக்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"போன் வந்தால்?"

"மகள் இருக்கிறாள். அவள் எடுப்பாள்."

"அவளின்ரை தமிழ் அக்காவுக்கு விளங்குமோ? லைன் இரண்டு நிமிசம் கிடைக்குமோ தெரியாது. பின்னேரம் பாப்பம், இரும்."

எங்கள் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்தாள். தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள். "ஃபார், டு ஸ்வேடர்" என்றாள். அப்பா, உங்களுக்கு வேர்க்கிறது. அது வரைக்கும் நான் அதைக் கவனிக்கவில்லை. யன்னல் திறந்திருந்தது, குளிர்காற்று வந்துகொண்டிருந்தது, புதிதாகப் போட்ட சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது.

"112 அடி" என்று மகளிடம் சொன்னேன்.

"அயலட்டையெல்லாம் பாக்க அம்புலன்ஸ் வந்து நிக்கோணுமோ? எனக்கு ஒண்டுமில்லை, தண்ணி குடிச்சாச் சரி" என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். என்மேல் கோபத்தோடுதான் எழும்பினார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கிளாஸ் விழுந்து உடைகிற சத்தம். அதன்பின் பாரமான இன்னொரு சத்தம்.

நான் ஓடிப்போனபோது அவர் குளிர்பெட்டிக்கும் மேசைக்கும் இடையில் பக்கவாட்டில் கிடந்தார். கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற, எங்களுக்கு ஆபத்து அந்தரத்துக்கு உதவுகிற மனுசி. வந்த வேகத்தில் நிலத்தில் இருந்து அவருடைய தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, "இயேசுவே, இயேசுவே" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தார். அடுத்தது கோப்பையை அவருடைய வாயில் வைக்கப் போனார்.

"தண்ணி பருக்காதையுங்கோ! தலையை நிலத்தில விடுங்கோ!" என்று கத்தினேன். மயங்கினவரின் தொண்டை விழுங்காது. பருக்குகிற தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள்தான் போகும்.

"மூச்சு வருது தங்கச்சி, பாரும், குறட்டை விடுறார்."

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கொர்ர் என்று ஒரு இழுவை. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு இழுவை. வகுப்பில் சிரித்த அதே சத்தம்.

"அது மூச்சில்லை அக்கா. நீங்கள் கீழ போய் றோட்டில நில்லுங்கோ. அம்புலன்ஸ் வந்தாக் கையைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வாங்கோ." எங்கள் குடியிருப்பில் எல்லா வாசலும் ஒரே மாதிரி இருக்கும், புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். அக்கா செபத்தை நிறுத்தாமலே படியிறங்கி ஓடினார்.

அவரைக் காலில் பிடித்து இழுத்து, இடமுள்ள பக்கத்தில் மல்லாக்கக் கிடத்தினேன். கண்ணாடித் துண்டுகள் என் முழங்காலில் ஏறியது பின்னேரம்தான் தெரிந்தது. நெஞ்சின் நடுவில் கையை வைத்து அமத்தத் தொடங்கினேன். டெனிஷில் எண்ணினேன், ஏனென்றால் அந்த மொழியில்தான் அதைப் படித்தேன். மகள் கைபேசியைச் சத்தமாக வைத்து நிலத்தில் போட்டுவிட்டு விலாசம் சொன்னாள். போனின் மறுபக்கத்து ஆள் மூச்சு இருக்கிறதா என்று கேட்டார். "நை" என்றாள். இல்லை என்ற அந்தச் சொல்லை அவள் தகப்பனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பொம்மையில் அமத்துவது வேறு, இது வேறு. கையின் கீழே ஒரு விலா முறிந்தது எனக்குக் கேட்டது. கை தானாகவே நிற்கப் பார்த்தது. இதைவிட மோசமாக நீ அவருக்கு ஒன்றும் செய்துவிட முடியாது என்று அந்தப் பெரிய மனிதர் சொன்னதை நினைத்துக்கொண்டு திரும்பவும் அமத்தினேன். இதயம் நின்றால் இரத்தம் ஓடாது, இரத்தம் ஓடாவிட்டால் சில நிமிடங்களில் மூளை போகத் தொடங்கும். வெளியில் இருந்து அமத்துகிற கைதான் அந்த நேரத்துக்கு இதயம். கையை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். முப்பது முடிந்ததும் மகள் குனிந்து ஊதினாள். பிறகு நாங்கள் இடம் மாறினோம், அவள் அமத்த நான் ஊதினேன். அவளுக்குக் கண்ணீர் ஓடியது, கை நிற்கவில்லை. திரும்பவும் என் முறை வந்தது.

அப்போதுதான் வீட்டுப் போன் அடித்தது.

இருக்கை அறையில் அடித்தது. இரண்டு கதவு தள்ளி. மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, மாமி" என்றாள் தமிழில், தகப்பனின் அக்காவை நினைத்து.

"விடு. ஊது."

அவள் ஊதினாள். போன் நின்றது. நான் திரும்பவும் அமத்தத் தொடங்க, போனும் திரும்பவும் அடிக்கத் தொடங்கியது. அவள் பாதி எழும்பிவிட்டாள். எனக்குத் தோள் இரண்டும் நெருப்பாக எரிந்தது, அமத்துகிற ஆழம் குறைகிறது என்று எனக்கே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மாறாவிட்டால் நான் அமத்துவதில் பிரயோசனமில்லை. அவள் எழும்பிப் போனால் மாற ஆளில்லை. "போகாதை! இஞ்ச இரு!" என்று கத்தினேன். பிள்ளை திரும்பவும் நிலத்தில் இருந்துவிட்டாள். இரண்டாவது தரம் அது நெடுநேரம் அடித்தது. அந்த நேரத்தில் நான் மச்சாளை நினைக்கவில்லை. சண்டையை நினைக்கவில்லை. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று மட்டும் நினைத்தேன். போன் நின்றது. பிறகு அடிக்கவில்லை.

அம்புலன்ஸ்காரர்கள் இருவர் அக்காவின் பின்னால் ஏறி வந்தார்கள். ஒருவர் புதுச் சேட்டைக் கத்தரித்து இரண்டு தகடுகளை ஒட்டினார். மற்றவர் என்னிடம், "நல்லது, நிறுத்தாதே" என்றார். கருவி சொன்னதும் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். முதல் தரம் மின்சாரம் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் அமத்தி, திரும்பவும் கொடுத்தார்கள். அந்தத் திரையில் கோடு மேடும் பள்ளமுமாக ஒழுங்காக ஓடத் தொடங்கியது. நான் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டேன்.

ஓகூஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கையில் ஒரு இரத்தக் குழாய் வழியாகக் கம்பி விட்டு, அடைத்திருந்த இதயக் குழாயைத் திறந்து, உள்ளே ஒரு சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். மூளையைக் காப்பாற்ற ஒரு நாள் முழுவதும் உடம்பைக் குளிர்த்தி, நித்திரையிலேயே வைத்திருந்தார்கள். தொட்டால் சந்தையில் மீனைத் தொடுகிற மாதிரி இருந்தது. எழும்பும்போது ஆள் எப்படி இருப்பார் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் வைத்தியர். உயிர் பிழைத்தது யார் என்று தெரியாமல் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

கண் விழித்தார். என்னைத் தெரிந்தது. மகளைத் தெரிந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை. தொண்டையில் இருந்த குழாயை எடுத்த பிறகு, கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி:

"போன் வந்ததோ?"

எனக்கு மறைத்துப் பழக்கமில்லை. "ஓம். இரண்டு தரம் அடிச்சது. நான் எடுக்கேல்ல. உங்கடை நெஞ்சை அமத்திக்கொண்டு இருந்தனான்" என்றேன். அவர் வாயைத் திறந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். விலா நொந்து அழவும் முடியாமல் அழுதார். அப்படியே அயர்ந்து போனார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, தான் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். பிறகு கேட்டார்:

"போன் வந்ததோ?"

முதல் தரம் கேட்கிற முகம். வைத்தியர் பிறகு விளக்கினார். புதிதாக நடப்பதை அவருடைய மூளையால் இப்போதைக்குப் பிடித்துவைக்க முடியாது, பலருக்குச் சில நாட்களில் திரும்பி வரும் என்று. இரண்டாவது தரமும் உண்மையைச் சொன்னேன். அவர் இரண்டாவது தரமும் அதே அழுகையை அழுதார். மகள் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய், "ஸை நை, மோர்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இல்லை என்று சொல்லுங்கோ அம்மா. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். உள்ளே போனேன்.

"போன் வந்ததோ?"

"இல்லை. வரேல்ல."

"சரி" என்று சொல்லிப் பழரசத்தை உறிஞ்சிக் குடித்தார். அதன்பிறகு எத்தனை தரம் கேட்டாரோ அத்தனை தரமும் இல்லை என்றேன். பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைத்ததில்லை.

ஆனியில் வீட்டுக்கு வந்தார். நினைவு மெல்ல மெல்ல நிலைத்தது. நெஞ்சு சுகம் என்றும், விலாதான் கொல்லுகிறது, அது உம்முடைய வேலை என்றும் வருகிறவர்களுக்கு முன்னால் என்னைக் கேலி செய்தார். குளிசையைக் காலையும் மாலையும் தானாகவே எடுத்தார். பார்க்க வந்தவர்களிடம் நான் ஓமத் தண்ணிக் கதையைச் சொல்லி, தாடை நொந்தாலும் தோள் நொந்தாலும் வேர்வையோடு வந்தால் 112 என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்தேன். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம், அதற்கும் அதே இலக்கம் என்றேன். தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் தேத்தண்ணியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முகாம்களிலிருந்து மற்ற வீடுகளுக்குப் போன்கள் வரத் தொடங்கின. பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி குடும்பம் இருக்கிறது என்று தெரிந்தது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. மச்சாளைச் சண்டையின் கடைசிக் கிழமையில் கண்டதாக ஒருவர் சொன்னார். முகாமுக்குள் தேடியும் காணவில்லை என்று இன்னொருவர் சொன்னார். அந்தச் சனிக்கிழமை அடித்தது யார் என்று எங்களுக்குத் தெரியாது. போனின் சின்னத் திரையில் தெரியாத இலக்கம் என்று மட்டும் இருந்தது. பத்திரிகைச் சந்தா விற்கிறவர்களும் சனிக்கிழமையில்தான் எடுப்பார்கள். அதை எனக்கு நானே பலதரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் அடுத்தடுத்து இரண்டு தரம் எடுப்பதில்லை. இருந்தும் சொல்கிறேன், அதே சனிக்கிழமை திரும்ப வந்தாலும் நான் கையை எடுக்க மாட்டேன்.

ஒரு நாள் பின்னேரம் நான் சமையலறை மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் வந்து இருந்தார். கண் தெளிவாக இருந்தது.

"இஞ்சேரும். உண்மையைச் சொல்லும். அண்டைக்குப் போன் வந்ததோ?"

ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யெல்லாம் வாயில் ஆயத்தமாக இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல வரவில்லை.

"வந்தது. இரண்டு தரம். பிள்ளை எடுக்கப் போனவள், நான்தான் விடேல்ல."

அவர் அழவில்லை, ஏசவில்லை. ஒரு பயற்றங்காயை எடுத்து முறித்து என் தட்டில் போட்டார். இன்னொன்றையும் முறித்தார்.

"எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?"

அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எடுக்காததைப் பற்றியே யோசித்திருந்தேன். "என்னத்தைச் சொல்லுறது... மச்சாள், உங்கடை தம்பி மூச்சில்லாமல் கிடக்கிறார் எண்டுதான் சொல்லியிருப்பன்."

அவர் கையிலிருந்த பயற்றங்காயைத் தட்டில் வைத்தார்.

"உந்தப் போனை வை பிள்ளை, முதல் அவனைப் பார் எண்டு அக்கா உம்மை ஏசியிருப்பா" என்றார். மச்சாளின் குரலிலேயே சொன்னார். சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். நான் பயற்றங்காயைத் தள்ளி வைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அழுததெல்லாம் அவருக்குப் பத்து நிமிடத்தில் மறந்து போயிருந்தது. அன்றைக்கு அழுதது மறக்கவில்லை.